அம்மாவின் கேமராவும் கோணலான அட்டைப் படமும்

அம்மாவின் முதலாண்டு நினைவுநாளுக்கு வந்திருக்கும் உறவினர்கள், நண்பர்கள் அனைவருக்கும் வணக்கம். இந்த நினைவு மலரின் அட்டையில் அம்மாவின் படம் கோணலாக இருப்பதைப் பார்த்திருப்பீர்கள். "வேற நல்ல போட்டோவே கெடைக்கலையா?" என்று அச்சகத்திலேயே கேட்டார்கள். இருக்கிறது. ஆனாலும் இதுதான் வேண்டும் என்று நானும் அக்காவும் பிடிவாதமாக நின்றோம். காரணத்தைச் சொல்லிவிடுகிறேன்.

அம்மா பிறந்தது பெண்ணாடத்தில், வாழ வந்தது விருத்தாசலத்தில். நான் இரண்டாம் வகுப்பில் இருந்தபோது அப்பா தவறிவிட்டார். அம்மா ஒரு பீங்கான் கம்பெனியில் சேர்ந்தார்கள். சூளையிலிருந்து வரும் கோப்பைகளில் விரிசல் விட்டதைப் பார்த்துக் கழிப்பது அவர்கள் வேலை. அந்தக் கண்ணுக்கு எதுவும் தப்பாது, எங்கள் பரீட்சைத் தாள் உட்பட. அந்தச் சம்பளத்தில்தான் பெண்கள் எங்கள் இருவரையும் படிக்க வைத்தார்கள்.

அக்கா கல்யாணத்தில் தாலி கட்டும் நேரம் அம்மா பந்தி நடக்கும் பக்கம் போய்விட்டார்கள். கணவனை இழந்தவர்கள் அப்போது முன்னால் நிற்பதில்லை என்பது நம் வழக்கம். யாரும் போகச் சொல்லவில்லை, இருக்கவும் சொல்லவில்லை. பிறகு என்னிடம், "தாலி கட்டும்போது அவ அழுதாளா, சிரிச்சாளா?" என்று மட்டும் கேட்டார்கள். பெற்ற மகளின் கல்யாணத்தை என்னைக் கேட்டுத் தெரிந்துகொண்டார்களே என்று இன்றும் எனக்கு மனசு ஆறவில்லை.

என் கல்யாணம் நிச்சயமானதும், "ஒரு வீடியோ கேமரா வாங்கணும்" என்றார்கள்.

"போன்லயே எடுக்கலாமேம்மா."

"போனு எல்லார் கையிலயும்தான் இருக்குது. கேமரான்னாதான் வழி வுடுவாங்க."

கடையில், பட்டன் அதிகமுள்ளதையெல்லாம் ஒதுக்கினார்கள். "ஒரு பட்டன அமுக்குனா ஓடணும். படம் தெளிவா இருக்கணும். அவ்ளோதாங்க." பையிலிருந்து ஒரு கழித்த கோப்பையை எடுத்து மேசைமேல் வைத்தார்கள். ஒவ்வொரு கேமராவிலும் அதைப் படமெடுக்கச் சொல்லி, மயிரிழை விரிசல் எதில் தெரிகிறது என்று பார்த்தார்கள். கடைக்காரர் சிரித்துவிட்டார்.

"இதுல ஜூமு இருக்குதும்மா. கடைசி வரிசையில நின்னே எடுக்கலாம்."

"கடைசி வரிசையில நிக்கறதுக்கா இத வாங்கறன்?"

அப்போதுதான் எனக்கு விளங்கியது. கடையிலேயே அழுதுவிட்டேன்.

என் கல்யாணத்தன்று அம்மா கேமராவோடு மேடைக்கு எதிரே முதல் ஆளாக நின்றார்கள். முகூர்த்தம் நெருங்கும்போது அத்தை விறுவிறுவென்று வந்தார்கள். அப்பாவின் தங்கை, சம்பிரதாயத்தில் ரொம்பக் கறார். அம்மாவைப் பின்னால் போகச் சொல்லப்போகிறார்கள் என்று எனக்குப் பகீரென்றது.

"இத இப்படிக் குடுங்க அண்ணி. நான் புடிக்கறேன். நீங்க மேல போயி பொண்ணு பக்கத்துல நில்லுங்க."

அம்மா தயங்கினார்கள். "போங்கன்றேன்ல!" என்று அதட்டி, அம்மா கையில் அட்சதையைத் திணித்தார்கள் அத்தை.

அத்தைக்குக் கேமரா பிடிக்கவே தெரியாது. அந்த வீடியோவில் தாலி இல்லை, மாப்பிள்ளையும் பாதிதான் இருக்கிறார். அட்சதை தூவும் அம்மாவின் முகம் மட்டும் கோணலாக, ஆனால் அவ்வளவு தெளிவாக இருக்கிறது. அழுதுகொண்டே சிரிக்கிறார்கள். அட்டையில் இருப்பது அந்த முகம்தான்.

அம்மா படுக்கையில் கிடந்த இரண்டு மாதமும் கஞ்சி கொண்டுவந்த பக்கத்து வீட்டு அக்காவுக்கும், கூப்பிட்ட நேரமெல்லாம் ஆட்டோ எடுத்துவந்த அண்ணனுக்கும், மாற்றி மாற்றி வந்து பார்த்துக்கொண்ட கம்பெனித் தோழிகளுக்கும் எங்கள் நன்றி. இந்தக் கடனை எப்படித் தீர்ப்பது என்று தெரியவில்லை.

அத்தைக்கு ஒரு வார்த்தை. மாமா தவறிய பிறகு நீங்களும் விசேஷங்களில் கடைசி வரிசையில் போய் உட்காருவதைப் பார்க்கிறேன். வரும் தையில் உங்கள் மகனுக்குக் கல்யாணம். அம்மாவின் கேமராவை நான் பிடிக்கிறேன். நீங்கள் மேடையேறி மாப்பிள்ளை பக்கத்தில் நில்லுங்கள். போங்கன்றேன்ல!