சிவப்பு சோப்பு

திருத்தணி லாட்ஜ் ஒன்றில் கை கழுவப் போனபோது, அங்கிருந்த சிவப்பு சோப்பின் வாடை பட்டதும் வெறும் தண்ணீரிலேயே கழுவிக்கொண்டேன். அந்த லாட்ஜ் நிற்கும் இடத்தில்தான், வௌவால் எச்சமும் மெழுகுப் புகையும் நாறிய எங்கள் பழைய மாதா கோயில் இருந்தது.

ஈஸ்டருக்கு முந்தைய பெரிய வியாழனன்று, இயேசு சீடர்களுக்குச் செய்ததுபோல், கோயில் சாமியார் பாதம் கழுவும் பன்னிரண்டு பேரில், ஒரு வருஷம் சேரியிலிருந்து வயல்கூலியான என் நைனாவையும் சேர்த்தார்கள்.

"நீ மட்டும் வூட்லயே சோப்பு போட்டு கழுவிக்கினு வா" என்றார் சாமியாருக்கு உதவியாக இருந்த உபதேசியார்.

"ஆங், சரிங்க" என்ற நைனா, சிவப்பு சோப்பு போட்டு, வெடித்த குதிகாலைச் செங்கல் துண்டால் ரத்தம் கசியத் தேய்த்தார்.

மற்ற பதினோரு பேரின் புழுதிக் கால்களைக் கழுவித் துடைத்து முத்தமிட்ட சாமியார், கடைசியாக, சோப்பு மணத்த நைனாவின் கால்மேல் எட்ட நின்று தண்ணீரை ஊற்றி, துண்டை அவரிடமே நீட்டினார்.

பிறகு, நைனாவைத் தொடவே தொடாத அந்தக் கையை, அதே சிவப்பு சோப்பு போட்டுக் கழுவிக்கொண்டார்.