உளுந்தின் மேல் போட்ட பழி

என் வீட்டுக்காரர் காறை எலும்பை உடைத்துக்கொண்டது பைக் ரேஸில். தண்ணீர் வற்றின ஏரிக்குள் சுண்ணாம்புத் தூளால் கோடு போட்டு, வரப்பிலும் மேட்டிலும் ஏறி எகிறிக் குதித்து, யார் முதலில் வருகிறார்கள் என்று பார்க்கிற ரேஸ். நாற்பத்தொரு வயது. செஞ்சி பஜாரில் பெயிண்ட் கடை. எட்டாவது படிக்கிற பெண்ணுக்கு அப்பா. அங்கே போய் விழுந்தார். விழுந்ததுகூடப் பரவாயில்லை. தொண்டூர் ரோட்டில் யாரோ உளுந்து பரப்பியிருந்தார்கள், அதில் வழுக்கிவிட்டது என்று வீட்டில் வந்து சொன்னார். அதை நம்பி நான் போய் ஒரு அம்மாவின் உளுந்தை ரோட்டை விட்டே அள்ளவைத்தேன். அந்த வருஷத்துக்கு அவர்களிடம் இருந்ததே அந்த உளுந்துதான்.

ரேஸ் என்றதும் டிவியில் வருகிற மாதிரி எதையாவது நினைத்துக்கொள்ள வேண்டாம். பழைய பைக்கில் மட்கார்டைக் கழற்றி வீசிவிட்டு, சைலன்சரைத் தூக்கிக் கட்டி, முரட்டு டயர் மாட்டிக்கொண்டு பத்திருபது பேர் வருவார்கள். பாதிப் பேருக்குத் தொப்பை. ஜெயிப்பவருக்கு முழங்கை உயரத்துக்கு ஒரு பிளாஸ்டிக் கப். தோற்பவர்களுக்கு, கலந்துகொண்டதற்காக ஒரு சான்றிதழ். எங்கள் வீட்டில் ஐந்து சான்றிதழ் இருந்தன. ஒன்றில் அவர் பெயரில் பாதியைக் காணோம். அதையும் லேமினேட் பண்ணி வைத்திருந்தார்.

அதற்கு முந்தின வருஷமே ஒரு முறை கணுக்கால் பிசகி, பதினைந்து நாள் நொண்டி நொண்டி நடந்தார். அப்போது பெண்ணின் தலையில் கை வைத்து, இனிமேல் ரேஸ் பக்கமே போகமாட்டேன் என்று சத்தியம் செய்தார். பிள்ளையும் ஆடாமல் அசையாமல் நின்று கொடுத்தது. அந்தச் சத்தியம் இருந்ததால்தான் அவருக்கு இந்த உளுந்து தேவைப்பட்டது.

பங்குனி மாசம், ஒரு ஞாயிற்றுக்கிழமை சாயந்தரம். இரண்டு சிநேகிதர்கள் அவரை ஆட்டோவிலிருந்து இறக்கினார்கள். தோளை ஒரு பக்கம் தொங்கவிட்டுக்கொண்டு, முகம் வெளிறிப்போய் நின்றார். நான் பதறிப்போனேன்.

"இன்னாங்க ஆச்சு?"

"தொண்டூர் ரோட்டுல உளுந்து போட்டு வச்சிக்கிறாங்க. பிரேக் புடிச்சேன். வழுக்கினு போய்ட்டுது."

"ஆமா அண்ணி, ரோடு பூரா உளுந்து" என்று சிநேகிதர்கள் இருவரும் பூம்பூம் மாடு மாதிரி தலையாட்டினார்கள்.

ஆஸ்பத்திரியில் எக்ஸ்ரே எடுத்துப் பார்த்துவிட்டு, காறை எலும்பு உடைந்திருக்கிறது, ஆபரேஷன் வேண்டாம், கையைக் கழுத்தில் மாட்டின துணித் தொட்டிலில் போட்டுக்கொண்டு ஆறு வாரம் அசையாமல் இருந்தால் கூடிவிடும் என்றார்கள். நர்ஸ் அவர் முதுகிலிருந்து மூன்று முள்ளைப் பிடுங்கிப் போட்டது. வேலிக்காத்தான் முள். ரோட்டோரம் முள் இல்லாமலா இருக்கும் என்று நானே அவருக்குப் பதில் சொல்லிக்கொண்டேன். அவருக்கு அந்த வேலையும் மிச்சம்.

எங்கள் பக்கம் உளுந்தைச் செடியோடு பிடுங்கி வந்து ரோட்டில் பரப்பிவிடுவார்கள். பஸ்ஸும் லாரியும் அதன்மேல் ஏறி இறங்கினால் காய் உடைந்து உளுந்து உதிரும். ஊர்க் களத்தில் இடம் கிடைக்காதவர்களுக்கு ரோடுதான் களம். அதில் வழுக்கி விழுகிறவர்களும் உண்டு. அதனால் அவர் சொன்னதில் சந்தேகப்பட எனக்கு ஒன்றும் இல்லை. கோபம் எனக்கு எப்போதும் மூக்கின் மேல்தான். மறுநாள் காலையில் பெண்ணை ஸ்கூலில் விட்ட கையோடு ஸ்கூட்டியைத் தொண்டூர் ரோட்டுக்குத் திருப்பினேன்.

ஐம்பது ஐம்பத்தைந்து வயசிருக்கும் ஒரு அம்மா, தலையில் துண்டைப் போட்டுக்கொண்டு, குச்சியால் செடியைப் புரட்டிக்கொண்டிருந்தார்கள்.

"ஏம்மா, ரோடு இன்னா உங்க அப்பன் வூட்டுக் களமா? எங்க வூட்டுக்காரரு நேத்து இதுல வுழுந்து எலும்பு உடைஞ்சு கெடக்கிறாரு."

அதோடு நிற்கவில்லை. இன்னும் ஒன்றிரண்டு வார்த்தை சொன்னேன். கோபத்தில் எல்லோருக்கும் வருகிற வார்த்தைதான், அதையெல்லாம் எழுதிக்கொண்டிருக்க வேண்டாம். செஞ்சியிலிருந்து வந்த டவுன் பஸ் என் ஸ்கூட்டி குறுக்கே நின்றதால் நின்றுவிட்டது. ஜன்னலுக்கு ஒரு தலை எட்டிப் பார்த்தது. அந்த அம்மா குச்சியைக் கீழே போட்டார்கள்.

"எலும்பு கூடிடுமாம்மா?" என்று மட்டும் கேட்டார்கள்.

நான் நின்று பார்க்கப் பார்க்க, அத்தனை செடியையும் ஒரு பழைய புடவையில் கட்டிக் கட்டி வயலுக்குள் கொண்டுபோய்க் குவித்தார்கள். ஒரு நல்ல காரியம் செய்துவிட்ட நிம்மதியோடு நான் கடையைத் திறக்கப் போனேன்.

அடுத்த இரண்டரை வாரம் என் வீட்டுக்காரர் மாப்பிள்ளை மாதிரி கட்டிலில் சாய்ந்திருந்தார். உடம்பு விசாரிக்க வந்தவர்கள் ஹார்லிக்ஸும் ஆப்பிளும் கொண்டுவந்தார்கள். ஏழு பாட்டில் ஹார்லிக்ஸ் சேர்ந்தது. குடிக்க ஆளில்லை. வந்தவர்களெல்லாம் அவரவருக்குத் தெரிந்த ஒரு விபத்தைச் சொல்லி, அதில் ஒருவரையாவது சாகடித்துவிட்டு, காபி குடித்துவிட்டுப் போனார்கள். நானோ காலையில் அவரைக் குளிப்பாட்டி, சட்டைக்கு ஒரு கை விட்டு ஒரு கை விடாமல் பட்டன் போட்டு, சோறு பிசைந்து ஸ்பூனோடு வைத்துவிட்டு, கடையில் போய் பிரைமரும் டிஸ்டம்பரும் விற்றுக்கொண்டிருந்தேன். டாக்டர் விரலுக்குப் பயிற்சியாக அமுக்கச் சொல்லி ஒரு ஸ்பாஞ்சு பந்து கொடுத்திருந்தார். அதை நான் இருக்கும்போது மட்டும் பல்லைக் கடித்துக்கொண்டு அமுக்குவார்.

மூன்றாம் நாள் அந்த அம்மா வீடு விசாரித்துக்கொண்டு வந்தார்கள். பேப்பரில் சுற்றிய ஒரு கட்டுப் பிரண்டை. இளம் கொழுந்தாகப் பார்த்து ஒடித்தது.

"தொவையல் அரைச்சுக் குடும்மா. எலும்புக்கு இத வுட்டா வேற இல்ல. தம்பி சாப்பிடட்டும்."

நான் வாங்கி வைத்துக்கொண்டேன். உட்காரச் சொல்லவில்லை. அதன் பிறகும் நாலைந்து நாளைக்கு ஒரு தரம் பஸ் ஏறி வந்து கொடுத்துவிட்டுப் போனார்கள். கையில் எண்ணெய் தடவிக்கொண்டு, நார் உரித்து, நல்லெண்ணெயில் வதக்கி, புளி வைத்து அரைத்துக் கொடுப்பேன். இவர் தின்பார். தான் விழாத உளுந்துக்காக ஒருத்தர் பஸ் பிடித்து வந்து கொடுத்த பிரண்டையை, சுடுசோற்றில் போட்டுப் பிசைந்து தின்பார். "தொண்டை அரிக்குதே, புளி கம்மியா போட்டியா?" என்று ஒரு நாள் குறையும் சொன்னார்.

அதைவிடப் பெரிய கூத்து, ஒரு தரம் அந்த அம்மாவுக்கு அறிவுரை சொன்னது.

"ரோட்டுல போடாதீங்கம்மா. எனக்குக் கையோட போச்சு. வேற யாருக்காச்சும் உசிரு போய்டும்."

"இல்ல தம்பி, இனிமே போடல. வயல்ல குமிச்சு வச்சிக்கிறேன். களத்துல இன்னும் எடம் கெடைக்கல. நெல்லு போட்டு வச்சிக்கிறாங்க. மழை வராம இருந்தா பொழைச்சேன்" என்றார்கள் அந்த அம்மா.

இவர் பெரிய மனுஷன் தோரணையில் தலையாட்டினார்.

குளிப்பாட்டும்போதே எனக்குத் தட்டியிருக்க வேண்டும். இடுப்பில் சிராய்ப்பு, தோளில் சிராய்ப்பு, முதுகெல்லாம் கீறல். முட்டி இரண்டும் மட்டும் பிறந்த குழந்தையின் முட்டி மாதிரி. தார் ரோட்டில் விழுந்தவன் முட்டி அப்படி இருக்குமா? முட்டிக்குக் கீழே பட்டை இறுக்கிக் கட்டின தடம்கூட இரண்டு நாள் இருந்தது. பார்த்தேன், சோப்பு போட்டேன், தண்ணீர் ஊற்றினேன். மண்டையில் ஏறவில்லை.

பதினெட்டாம் நாள் இன்னொரு சிநேகிதர் வந்தார். சல்லடையில் தண்ணீர் நிற்காத மாதிரி அந்த ஆள் வாயில் ஒன்றும் நிற்காது. அவரிடம் யாரும் உளுந்துக் கதையைச் சொல்லிவைக்கவில்லை போலிருக்கிறது.

"அண்ணி, அண்ணன் பறந்தத பாத்தீங்களா?" என்று போனை என் முகத்துக்கு நேரே நீட்டினார்.

ஏரி. புழுதி. முட்டியில் கவசம் மாட்டிக்கொண்டு என் வீட்டுக்காரர் மேட்டில் ஏறி எகிறுகிறார். பைக் ஒரு பக்கம், அவர் ஒரு பக்கம். வேலிக்காத்தான் புதருக்குள் போய் விழுகிறார். கரையில் நிற்கிறவர்கள் விசிலடிக்கிறார்கள். நான் இரண்டாம் தரம் போடச் சொல்லிப் பார்த்தேன். கட்டிலில் இருந்தவர் ஸ்பாஞ்சு பந்தை அமுக்கு அமுக்கென்று அமுக்கிக்கொண்டிருந்தார்.

சிநேகிதர் போனதும் கேட்டேன்.

"பொண்ணு தலைல அடிச்சு சத்தியம் பண்ணியே, அத வுடு. எதுக்குத் தொண்டூர் ரோடு? எதுக்கு உளுந்து?" மரியாதையெல்லாம் அன்றைக்குப் பறந்துவிட்டது.

"சும்மா வாயில வந்துட்டுது. நீ போய் சண்ட போடுவேன்னு எனக்கு இன்னா தெரியும்?"

"தெரிஞ்ச பெறகும் பிரண்டையத் தின்னியே!"

"எலும்பு கூடட்டும். பேசிக்கலாம். அந்தம்மாவே மறந்துடும்."

வெளியே பார்த்தேன். ராஜகிரி மலைப் பக்கம் கருகும்மென்று மேகம் ஏறிக்கொண்டிருந்தது. முந்தின வாரமே ஒரு கோடை மழை அடித்திருந்தது. வயலில் குவித்த உளுந்து இன்னொரு மழை தாங்காது. "எழுந்திரு" என்றேன். கைத்தொட்டிலோடு ஸ்கூட்டியில் பின்னால் உட்காரவைத்தேன். ஒவ்வொரு வேகத்தடையிலும் "மெதுவா, மெதுவா" என்றார். ஏரியில் பறந்த வீரர்.

அந்த அம்மா தார்ப்பாயை விலக்கிவிட்டு, தனி ஆளாகச் செடியைத் தடியால் அடித்துக்கொண்டிருந்தார்கள். குவியலின் அடியில் பூசணம் வெளுப்பாகத் தெரிந்தது. எங்களைப் பார்த்ததும் தடியை நிறுத்தினார்கள்.

"சொல்லுங்க" என்றேன் இவரிடம்.

"எம்மா, நான் உங்க உளுந்துல வுழல. ஏரில ரேஸ் வுட்டேன். அங்க வுழுந்தேன். வூட்டுக்குப் பயந்துகினு பொய் சொல்லிட்டேன்."

"அன்னிக்கு இந்தப் பக்கமே வரலியா தம்பி?"

"வரல."

அந்த அம்மா அப்படியே குவியல் ஓரத்தில் உட்கார்ந்துவிட்டார்கள். "ராத்திரில தூக்கம் இல்லப்பா எனக்கு. ஒரு ஆம்பள கைய முறிச்சிட்டமேன்னு" என்றார்கள்.

இவர் தலையைக் குனிந்துகொண்டு நின்றார். உள்ளதைச் சொல்லிவிடுகிறேன், அதைப் பார்க்க எனக்குச் சந்தோஷமாக இருந்தது. "பாத்தீங்களாக்கா இவரு பண்ண வேலைய? வூட்டுலயும் இப்படித்தான், வாயத் தொறந்தா பொய்யி" என்று ஆரம்பித்தேன்.

"நீ இரும்மா." அந்த அம்மா என்னை நிமிர்ந்து பார்த்தார்கள். "அவரு சொன்னது பொய். வந்து ஒத்துக்கினாரு. பஸ்ஸ நிறுத்தி வச்சு, அத்தினி பேரு முன்னால, நாலு மூட்ட உளுந்துக்கு ஆளக் கொல்றதுக்குப் பதிலா போய் பிச்ச எடுத்துத் தின்னுன்னு சொன்னியே. அது அவரா சொல்லிக் குடுத்தாரு?"

இல்லை. அது அவர் சொல்லிக் கொடுத்ததில்லை. மேலே நான் எழுதாமல் விட்ட வார்த்தை அதுதான். ரேஸ், சான்றிதழ், ஹார்லிக்ஸ் என்று எல்லோரையும் பிடிபிடியென்று பிடித்தவள், என் வாயில் வந்ததை மட்டும் மூடி வைத்துக்கொண்டேன். அவர் பொய் ஒரு வாரமோ இரண்டு வாரமோ ஆளைத் தூங்கவிடாது. இது அத்தோடு ஆறிப்போகிற மாதிரி இல்லை.

எனக்கு உடம்பெல்லாம் கூசியது.

"மழை வர்ற மாரி இருக்குது. நின்னுகினு இருந்தா ஆவாது. புடி" என்று செடி கட்டுகிற பழைய புடவையின் ஒரு முனையை அந்த அம்மா என் கையில் கொடுத்தார்கள்.

அத்தனையையும் சுமந்துவந்து ரோட்டிலேயே பரப்பினோம். ஒரு கை மட்டும் இருந்தவரை மைல்கல்லின் மேல் உட்காரவைத்து, வருகிற பைக்குகளை மெதுவாகப் போகச் சொல்ல ஒரு சிவப்புத் துண்டைக் கொடுத்தோம். லாரி போனது, பஸ் போனது. காய் படபடவென்று உடைந்தது. மெதுவாகப் போகச் சொன்னதும் பைக்காரர்கள் நின்று, "இன்னாண்ணே, கை?" என்று கேட்டார்கள். முதல் ஆளுக்குப் பதில் சொல்லும் முன் அவர் அந்த அம்மாவை ஒரு முறை பார்த்தார். பிறகு, "ரேஸ்ல வுழுந்துட்டேன்" என்றார். "இந்த வயசுலயா?" என்று அந்த ஆள் சிரித்துக்கொண்டே போனான். சாயந்தரம் வரை பத்துப் பேராவது கேட்டிருப்பார்கள். பத்துப் பேரிடமும் அதையேதான் சொன்னார்.

என்னிடம் யாரும் எதுவும் கேட்கவில்லை. நான் குனிந்து செடியைப் புரட்டிக்கொண்டிருந்தேன். முதல் தூறல் விழுவதற்குள் பாதிக்கு மேல் உளுந்து தேறிவிட்டது. அடியில் பூசணம் பிடித்தது போனதுதான். மன்னிச்சிடுக்கா என்று சொல்ல இரண்டு தரம் வாயெடுத்தேன். பக்கத்தில் ஆள் வந்தது, லாரி வந்தது என்று ஏதோ ஒன்றைச் சாக்கு வைத்து விட்டுவிட்டேன்.

அதற்குப் பிறகு அந்த அம்மா பிரண்டை கொண்டுவரவில்லை. ஆறு வாரத்தில் எலும்பு கூடிவிட்டது. அவர் கை இப்போது தலைக்கு மேல் முழுசாகப் போகிறது. நான் அந்த வார்த்தைக்கு இன்னும் மன்னிப்புக் கேட்கவில்லை.