மூன்று நிமிடக் கைராசி

எங்கள் கல்லூரி வேதியியல் துறையில் எனக்குக் கைராசிக்காரி என்று பெயர். அந்தப் பெயரைக் கேட்டாலே இப்போதெல்லாம் எரிச்சல் வருகிறது.

என் முனைவர் ஆய்வு ஒரே ஒரு வினையைப் பற்றியது. ஒரு மூலக்கூறில் இரண்டு இடங்கள் இருக்கும். ஒன்றில் மட்டும் அசெட்டைல் என்கிற சின்னத் தொகுதி ஏற வேண்டும். எண்ணெய்ச் சூட்டில் எட்டு மணி நேரம் வைத்தால் இரண்டிலும் ஏறிவிடும். வீட்டில் தட்டு சுற்றாமல் நின்றுபோன மைக்ரோவேவ் ஓவனை லேபுக்குத் தூக்கிவந்து, கை தட்டாதிருக்கப் பீக்கரைப் பின்மூலையில் வைத்தேன். மூன்றே நிமிடம். ஒன்றில் மட்டும் ஏறியது. நுண்ணலைதான் இடம் பார்த்து வேலை செய்கிறது என்று பக்கம் பக்கமாக எழுதித் தள்ளினேன்.

சமர்ப்பிக்க ஒரு வாரம் இருக்கையில், சும்மா இருக்க மாட்டாமல், ஓவன் முழுக்க அப்பளம் பரப்பிச் சூடு பார்த்தேன். நடுவில் இருந்தவை பொரிந்து கருகின. என் பீக்கர் நிற்கும் மூலையில் மட்டும் பச்சையாகவே கிடந்தன. அங்கே சூடு குறைவு, அதனால் எளிதாக ஏறும் இடத்தில் மட்டும் ஏறியிருக்கிறது. நுண்ணலை ஒரு இடமும் பார்க்கவில்லை.

வழிகாட்டியிடம் ஓடினேன். "அத இன்னாத்துக்கும்மா இப்ப நோண்டிக்கினு? மொதல்ல சப்மிட் பண்ணு" என்றார். பண்ணினேன். பட்டம் வந்தது, இதே துறையில் வேலையும் வந்தது. ஓவன் பழைய இரும்புக்குப் போனது.

இப்போது அதே வினையை வைத்துத்தான் என் தோழி ஆய்வு செய்கிறாள். கல்வராயன் மலையிலிருந்து தினமும் பஸ் பிடித்து இறங்கிவந்து, துறையில் என் பக்கத்து நாற்காலியில் உட்காருகிறவள். அவள் ஓவனில் தட்டு சுற்றும், சூடு எங்கும் சமமாகப் படும். மூன்று வருடமாக இரண்டு இடத்திலும்தான் ஏறுகிறது. இந்த ஆண்டோடு அவள் பதிவு முடிகிறது. சொன்னால் என் பட்டத்துக்கு ஆபத்து. சொல்லாவிட்டால் அவளுக்குப் பட்டமே இல்லை. திருடனுக்குத் தேள் கொட்டிய கதைதான்.

நேற்று பீக்கரை என்னிடம் நீட்டினாள். "உன் கையால ஒரு வாட்டி வச்சுக் குடுடி. உன் ராசி எனக்கு எங்க இருக்குது?"

வைத்தேன். தட்டு சுற்றியது. மூன்று நிமிடமும் அவள் முகத்தைப் பார்க்காமல், ஜன்னல் வழியே கரும்பு ஏற்றிப்போகும் டிராக்டர்களைப் பார்த்துக்கொண்டு நின்றேன். அப்பளத்தைப் பற்றி மட்டும் அவளிடம் சொல்லவில்லை. என்மேலேயே எனக்கு அருவருப்பாக இருந்தது.

சோதித்துப் பார்த்தோம். இரண்டிலும் ஏறியிருந்தது.

அவள் என் தோளைத் தட்டினாள். "மூஞ்ச இன்னாத்துக்கு அப்படி வச்சிக்கினு இருக்குற? உம்மேல இன்னா தப்பு? எனக்குத்தான் நேரம் சரியில்ல."

நான் தலையாட்டினேன்.