பட்டியலில் எழுதாத கேள்வி

அந்த டேப்ரிக்கார்டர் செங்கல் அளவுதான் இருக்கும், ஆனால் செங்கல்லைவிடக் கனம். கடல் கடந்து ஒரு பெண்கள் அமைப்பு அதை அனுப்பியிருந்தது. எழுபதுகளின் கடைசியில், சிம்மக்கல்லில் ஒரு மாடியறையில் இருந்த எங்கள் சிறு அலுவலகத்தோடு சேர்ந்து அவர்கள் போட்ட திட்டம் எளிமையானது. கிராமத்துப் பெண்கள் தங்கள் சந்தேகங்களை அதில் பேசிப் பதிவார்கள். நான் கேட்டுப் பட்டியல் எழுதுவேன். ஒரு பிரதி வெளிநாட்டுக்கு, இன்னொன்று மதுரையில் ஒரு பெண் டாக்டருக்கு. அவர் கேசட்டில் பேசித் தரும் பதிலை மறுமாதம் கொண்டுபோய்ப் போட்டுக் காட்டுவேன். எந்தக் கேள்வியையும் விடக் கூடாது என்பதுதான் அவர்கள் சொன்ன ஒரே நிபந்தனை. அதைக்கூட நான் காப்பாற்றவில்லை.

எழுமலைப் பக்கத்து ஊர் ஒன்றில் செல்வி அம்மா இருந்தார். அங்கே யாரும் சொந்தப் பெயர் சொல்லிப் பதிய மாட்டார்கள். பிள்ளையின் பெயரைச் சொல்லி, அதன் அம்மா என்பார்கள். களையெடுத்த கையோடு வந்தவர், மைக்கைச் சேலைத் தலைப்புக்குள் இழுத்துக்கொண்டு மெதுவாகப் பேசினார்.

“குடும்பக்கட்டுப்பாடு ஆப்ரேசன் பண்ணி வருசமாச்சு டாக்டரம்மா. மாசம் பூராம் ரத்தம் படுது. இது தன்னால நின்டுருமா, ஆஸ்பத்திரிக்கு வரணுமா?”

பட்டியலை எங்கள் அலுவலக மேலாளர் படித்துக் கையெழுத்துப் போட்டால்தான் அனுப்ப முடியும். அவருக்கு என் அப்பா வயது. எனக்கு இருபத்திரண்டு, கல்யாணம் ஆகவில்லை. அந்த வரியை அவரிடம் நீட்டுவதை நினைத்ததுமே உடம்பு கூசியது. அதை விட்டுவிட்டுக் குழந்தைகளின் வயிற்றுப்பூச்சி பற்றிய அடுத்த கேள்வியை எழுதினேன். டாக்டரை நேரில் பார்த்துக் கேட்டுக்கொள்ளலாம் என்று எனக்கே சமாதானம் சொல்லிக்கொண்டேன். போகவில்லை. சோம்பல்தான், வேறென்ன?

மறுமாதம் பதில் கேசட்டைப் போட்டபோது செல்வி அம்மா முன்வரிசையில் உட்கார்ந்திருந்தார். வயிற்றுப்பூச்சி முடிந்தது, கண்வலி முடிந்தது, டாக்டர் வணக்கம் சொல்லி முடித்தார்.

“திருப்பிப் போடுங்க டீச்சர், அந்தப் பக்கத்துல இருக்கும்” என்றார் செல்வி அம்மா.

வெளியூரிலிருந்து வரும் படித்த பெண் யாராயிருந்தாலும் அவர்களுக்கு டீச்சர்தான். மறுபக்கம் வெறும் இரைச்சல். மற்றவர்கள் எழுந்து போன பிறகும் அவர் காதை ஒட்டவைத்துக் கடைசிவரை கேட்டார். பிறகு அவர் முகம் தெளிந்தது.

“அம்புட்டுப் படிச்ச டாக்டரம்மா. பயப்படுற மாதிரி இருந்தா சொல்லியிருப்பாகள்ல? ஒண்ணுமில்லன்னுதேன சொல்லாம விட்டாக?”

அப்போதாவது நான் வாயைத் திறந்திருக்கலாம். “ஆமாக்கா” என்றேன்.

வெளிநாட்டிலிருந்து பாராட்டுக் கடிதம் வந்தது. பட்டியலில் இருந்த எல்லாக் கேள்விக்கும் பதில் கிடைத்துவிட்டதாம். இன்றைக்கு என் அண்ணன் மகள் கூச்சமே இல்லாமல் போனில் டாக்டரிடம் எதையும் கேட்கிறாள். அதைக் கேட்கும்போதெல்லாம் மனதுக்குள் சந்தோஷப்படுகிறேன், உடனே குறுகியும் போகிறேன்.

அந்தக் கேசட்டைப் போட்டு ஏழெட்டு மாதம் கழித்து, செல்வி அம்மாவை மதுரைக்குக் கொண்டுவந்திருக்கிறார்கள் என்று கேள்விப்பட்டு ஆஸ்பத்திரிக்கு ஓடினேன். கர்ப்பப்பையில் புற்று முற்றிவிட்டது, இனி ஒன்றும் செய்வதற்கில்லை என்று வெளியே அவர் புருஷன் அழுதுகொண்டிருந்தார். கட்டிலோடு ஒட்டிக் கிடந்தவர் என்னைப் பார்த்ததும் கையை ஊன்றி எழப் பார்த்தார். பக்கத்துக் கட்டில் பெண்ணைக் கூப்பிட்டு, பெருமையோடு என்னைக் காட்டினார்.

“நாஞ் சொன்னேன்ல, இவுகதேன் எங்க டீச்சரு. உனக்கு என்ன கேக்கணுமோ இவுககிட்டச் சொல்லு. ஒரு வார்த்த விடாம எழுதிக்கிருவாக.”