நாலு துண்டுத் தூண்டில்

தூண்டிலின் மூன்றாவது துண்டு டாக்டரம்மாவின் கையிலிருந்து நழுவிப் புல்லில் விழுந்தது. எடுத்துக் கொடுக்கக் குனிந்தேன். "வேணாம் சிஸ்டர், நானே எடுத்துக்கிறேன்" என்றார். மன்னவனூரைத் தாண்டிய ஓர் ஓடைக்கரை அது. காலை பத்து மணியாகியும் பனி முழுதாக விலகவில்லை.

செண்பகனூரில் அவர் நடத்தும் சிறிய ஆஸ்பத்திரியில் பதினாறு வருஷமாக நான் நர்ஸ். தோட்டத்தில் அரிவாள் பட்டு வருகிறவர்களுக்கு அவர் தையல் போடும்போது பக்கத்தில் நின்றிருக்கிறேன். ஒரு தடவைகூட அந்தக் கைகள் தடுமாறிப் பார்த்ததில்லை. பக்கவாதம் வந்து இடது கை சொன்னதைக் கேட்காமல் போனபின் எட்டு மாதம் அவர் வீட்டைவிட்டு இறங்கவில்லை. நான் பயிற்சி செய்யச் சொன்னால் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொள்வார். அப்படிப்பட்டவர் ஒருநாள் போன் செய்து, "உங்க தம்பிய வெள்ளனே ஜீப்பை எடுத்துட்டு வரச் சொல்லுங்க. மீன் பிடிக்கப் போகணும்" என்றார்.

அவருடைய தூண்டில் நாலு துண்டாக ஒரு துணி உறைக்குள் இருக்கும். அடித்துண்டு விரல் கனம். நுனித்துண்டு ஈர்க்குச்சி போல. ஒன்றின் முனை அடுத்ததன் குழிவுக்குள் போக வேண்டும். நேராகக் குத்தினால் பிடிப்பு நிற்காது. கொஞ்சம் கோணலாக நுழைத்து, அழுத்திக்கொண்டே திருப்ப வேண்டும். தூண்டில் நரம்பு ஓடும் வளையங்களெல்லாம் ஒரே வரிசையில் வந்து நிற்க வேண்டும். இதற்கு இரண்டு கையும் வேண்டும்.

நுனிப்பக்கத்துத் துண்டுகள் இரண்டையும் முழங்கால் இடுக்கில் வைத்துப் பொருத்திவிட்டார். மூன்றாவதுதான் விழுந்துகொண்டே இருந்தது. ஜீப்பில் சாய்ந்து நின்ற தம்பி பொறுக்காமல், "அக்கா, வெரசா மாட்டிக் குடுத்துரு. மேகம் இருட்டிக்கிட்டு வருது" என்றான். நான் அவனைப் பார்த்த பார்வையில் அடங்கிப் போனான்.

டாக்டரம்மா வலது கையால் இடது கையைத் தூக்கி அந்தத் துண்டின் மேல் வைத்தார். விரல்களை ஒவ்வொன்றாக மடித்தார். அவை விரிந்தன. மறுபடி மடித்தார். எத்தனை தடவை என்று எனக்குத் தெரியாது. அவர் முகத்தில் கோபமோ அழுகையோ இல்லை. காயத்தைத் தைக்கும்போது இருக்கும் அதே முகம். கடைசியில் துண்டு உள்ளே போய்த் திரும்பி நின்றது. அதன்பின் அடித்துண்டும் சேர்ந்தது. அவர் எழுந்து வலது கையால் தூண்டிலை லேசாக ஆட்டினார். அசைவு பிடியில் தொடங்கி, மூன்று இணைப்புகளிலும் எங்கேயும் தடைபடாமல், நுனிவரை ஓடியது. நாலு துண்டு என்று சொன்னால் யாரும் நம்ப மாட்டார்கள். எனக்குக் கை தானாகக் கூம்பியது.

அன்றைக்கு மீன் ஒன்றும் அகப்படவில்லை. அவருக்கு அது ஒரு பொருட்டாகவே இல்லை. தூறல் விழுந்ததும் கழற்றப் பார்த்தார். நடு இணைப்பு இறுகிப்போய் வர மறுத்தது.

"இப்ப வாங்க சிஸ்டர். இதுக்கு ரெண்டு பேர் வேணும்."

இணைப்புக்கு இந்தப் பக்கம் என் ஒரு கை, அவர் ஒரு கை. அந்தப் பக்கமும் அப்படியே. திருகாமல் நேராக இழுக்கச் சொன்னார். அவருடைய இடது கை என் விரல்களின் மேலேயே விழுந்தது. இழுத்தோம். அந்த நேரத்தில் என் விரல்கள் வலித்தன. எட்டு மாதமாகப் பஞ்சு போலக் கிடந்த கை, என்னை அமுக்கிப் பிடித்திருந்தது. கம்பு இரண்டாக வந்தபிறகும் விடவில்லை.

"டாக்டர், உங்க கை..." என்றேன்.

"தெரியுது. கொஞ்ச நேரம் அப்படியே இருங்க" என்றார்.

இப்போது வாரத்தில் மூன்று நாள் நோயாளிகளைப் பார்க்கிறார். தையலை மட்டும் புதிதாக வந்த டாக்டர் போடுகிறார். இவர் பக்கத்தில் நின்று, நூலின் முனையை இடது கையால் பிடித்துக் கொடுக்கிறார்.