குனிந்து தொட்ட பல்லி

இன்றைக்கும் யார் வீட்டிலாவது பழைய லேண்ட்லைன் மணி அடித்தால் எடுக்க நான் எழுந்து ஓடப் பார்ப்பேன். கைப்பேசி எத்தனை முறை அலறினாலும் ஒன்றும் ஆகாது. அந்த மணிச் சத்தம் கேட்டால் மட்டும் வலது கை தானாக இடுப்போரம் போய் முந்தானையை இழுத்து விடும். என் பிள்ளைகள் கேலி செய்வார்கள். செய்துவிட்டுப் போகட்டும், அவர்களுக்கு என்ன தெரியும்.

கல்லூரி முடித்து வீட்டில் இருந்த சமயம் அது. பெரிய காஞ்சிபுரத்தில் நெசவாளர் தெரு ஒன்றில் எங்கள் வீடு. முன்னறையில் அப்பாவின் தறி. வலது இடுப்பில், ரவிக்கை முடிகிற இடத்துக்குக் கொஞ்சம் கீழே, எனக்கு ஒரு வெள்ளைப் புள்ளி வந்தது. முதலில் சோப்பு நுரை காய்ந்திருக்கிறது என்று நினைத்துத் தேய்த்தேன். போகவில்லை. புளியங்கொட்டை அளவுக்கு இருந்தது, போகப் போக வெற்றிலை அளவுக்குப் பரவியது. வலி கிடையாது, அரிப்பு கிடையாது. அது யார்மேலும் ஒட்டாது, உயிருக்கு ஒன்றும் செய்யாது என்பதெல்லாம் பிற்பாடு தெரிந்துகொண்டது. அப்போது எனக்குத் தெரிந்தது ஒன்றுதான். எங்கள் எதிர்ச்சாரியில் ஒரு பெண்ணுக்குக் கழுத்தில் இப்படி வந்து, பெண் பார்க்க வந்தவர்கள் வைத்த காபியைத் தொடாமல் எழுந்து போனார்கள்.

எனக்கு ஆரணியில் வரன் பேசி முடிக்கிற நிலையில் இருந்தது. மாப்பிள்ளையை ஒருமுறைதான் பார்த்திருந்தேன், பிடித்திருந்தது. அதனால் புள்ளியைப் பற்றி யாரிடமும் மூச்சு விடவில்லை, அம்மாவிடம்கூட. சுடிதார் போட்டால் கவலையில்லை. புடவை கட்டும் நாளில்தான் ஆபத்து. வலது கையைத் தலைக்கு மேல் தூக்கினால் ரவிக்கை ஏறிக்கொள்ளும், புள்ளி எட்டிப் பார்க்கும். கையைத் தூக்காமல் பூ வைத்துக்கொள்ளவும், பரணிலிருந்து பாத்திரம் எடுக்கச் சொன்னால் கழுத்து வலி என்று சொல்லவும் பழகினேன். டெய்லரிடம் ரவிக்கையை நீளமாகத் தைக்கச் சொன்னால், "கெழவிங்க மாதிரி எதுக்குமா உனக்கு?" என்று கேட்டுவிட்டு வழக்கமான அளவிலேயே தைத்துக் கொடுத்தார்.

பஸ் ஸ்டாண்டு பக்கம் ஒரு பிரவுசிங் சென்டர் இருந்தது. பிளைவுட் தடுப்புகள், அரைக்கதவு, அழுக்கேறிய கீ போர்டு. வேலைக்கு அப்ளிகேஷன் போடப் போகிறேன் என்று வீட்டில் சொல்லிவிட்டு அங்கே போவேன். அப்படித் தேடியபோது பெண்கள் மட்டும் பேசிக்கொள்ளும் தளம் ஒன்று கிடைத்தது. முடி கொட்டுவது, மாதவிலக்கு, மாமியார் தொல்லை என்று எல்லாம் எழுதுவார்கள். தமிழை ஆங்கில எழுத்தில் தட்டுவோம். ஊர்ப்பெயரோ பூவின் பெயரோ வைத்துக்கொள்வோம், சொந்தப் பெயரை யாரும் போடுவதில்லை. அங்கேதான் அக்கா வந்தாள்.

நான் புள்ளியைப் பற்றிப் பொதுவாகக் கேட்டிருந்தேன். அக்கா தனிமடலில் பதில் போட்டாள். தனக்கும் கல்யாணத்துக்கு முன்னால் முதுகில் அப்படி வந்ததாம், அழுது தீர்த்தாளாம், ஒரு எண்ணெய் தடவி மொத்தமாகப் போய்விட்டதாம். பிறந்தது சின்ன காஞ்சிபுரம், வாக்கப்பட்டது வெளியூர் என்றாள். நம்ம ஊர்ப் பெண் என்றதும் எனக்கு உயிர் வந்தது. எவ்வளவு நாளாக வாயை மூடிக்கொண்டு இருந்தேன். புள்ளி இருக்கும் இடம், ஆரணி வரன், நிச்சயத்துக்கு நாள் பார்ப்பது, எதிர்ச்சாரிப் பெண்ணின் கதை, ராத்திரி கண்ணாடி முன்னால் நின்று அழுவது என்று எல்லாவற்றையும் அவளிடம் கொட்டினேன். அவளும் ஒன்று விடாமல் கேட்டாள். எண்ணெய்க் கம்பெனிக்கு எழுதினால் தபாலில் வரும் என்று விலாசம் கொடுத்தாள். என் விலாசத்தையும் வீட்டுப் போன் நம்பரையும் கம்பெனிக்கு எழுதி அனுப்பினேன். பார்சல் வந்தது. தடவினேன்.

தடவிய இடம் எரிந்தது. கொஞ்ச நாளில் புள்ளியைச் சுற்றித் தோல் கன்றிக் கறுத்து உரிந்தது. பயந்துபோய் அக்காவுக்கு எழுதினேன். "எரிஞ்சாத்தான் மருந்து வேலை செய்யுதுன்னு அர்த்தம்மா, நிறுத்திடாத" என்றாள். நிறுத்தவில்லை.

இந்தச் சமயத்தில்தான் பல்லிப் பேச்சு வந்தது. சின்ன காஞ்சிபுரம் வரதராஜப் பெருமாள் கோயில் தங்கப் பல்லியைத் தொட்டால் தோல் நோய் தீரும், பல்லி விழுந்த தோஷம் போகும் என்று எங்கெங்கிருந்தோ வந்து தொடுவார்கள். ஊர்க்காரர்கள் நாங்கள் வெளியூர் உறவு யாராவது வந்தால் கூடப் போவதோடு சரி. நான் அக்காவுக்கு எழுதினேன்: எனக்கும் போய்த் தொட்டுவிட்டு வரலாம் என்று ஆசையாக இருக்கிறது, ஆனால் புடவை கட்டிக்கொண்டு போனால் தொட முடியாதே என்று. அவள் பதில் எழுதினாள்: "ஏன்மா முடியாது? நான் எத்தனை வாட்டி போயிருக்கேன். சும்மா குனிஞ்சு ரெண்டு கையாலயும் தொட்டுக் கண்ணுல ஒத்திக்க."

அந்த வரியைத் திரும்பத் திரும்பப் படித்தேன். பல்லி இருப்பது கூரையில். படியேறி நின்று, அண்ணாந்து, கையை நன்றாகத் தூக்கினால்தான் எட்டும். சின்னப் பிள்ளையில் அப்பா என்னைத் தூக்கிப் பிடித்துத் தொட வைத்திருக்கிறார். சின்ன காஞ்சிபுரத்தில் பிறந்தவளுக்கு, எத்தனையோ முறை போனவளுக்கு, பல்லி மேலே இருப்பது தெரியாதா? மறந்திருப்பாள், வேறு எந்தக் கோயிலையோ நினைத்து எழுதியிருப்பாள் என்று எனக்கு நானே சமாதானம் சொல்லிப் பார்த்தேன். மனசு ஒப்பவில்லை. இவள் இந்த ஊர் இல்லை. ஊர் பொய் என்றால் முதுகுப் புள்ளியும் பொய்யா? பதில் போடாமல் எழுந்து வந்தேன். அதற்கப்புறம் அவளுக்கு எழுதவேயில்லை.

சில நாள் கழித்து வீட்டில் போன் வந்தது. போன் தறிக்குப் பக்கத்திலேயே அலமாரியில் இருக்கும். தறிக் குழியில் கால் விட்டு உட்கார்ந்த மனிதர் சட்டென்று எழுந்து வர முடியாது என்பதால் மணி அடித்தால் நான்தான் ஓடுவேன். எடுத்தேன். ஆண் குரல், பவ்யமான குரல். எண்ணெய்க் கம்பெனியிலிருந்து பேசுவதாகச் சொன்னான்.

"முதல் பாட்டில் முடிஞ்சிருக்குமேமா. ரெண்டாவது அனுப்பட்டுமா?"

"வேணாங்க."

"அப்படிச் சொல்லாதீங்கமா. நிச்சயத்துக்கு முன்னாடி இன்னொண்ணு முடிச்சாத்தான் நல்லது. ஆரணிக்காரங்க கண்ணுல பட்டுடப் போவுது."

கம்பெனிக்கு நான் எழுதியது விலாசமும் போன் நம்பரும் மட்டும்தான். ஆரணியும் நிச்சயமும் அக்கா ஒருத்திக்கு மட்டுமே தெரியும். அப்படியானால் அக்கா இவன். இடுப்பில் எந்த இடம், எவ்வளவு பெரிது, கண்ணாடி முன்னால் நின்று எப்படி அழுதேன் என்று நான் எழுதியதையெல்லாம் இவன் படித்திருக்கிறான். உட்கார்ந்து பதிலும் எழுதியிருக்கிறான், "அழுவாதம்மா" என்று.

"என்னமா பேச்சையே காணோம்? அப்பா இருக்காரா, அவர்கிட்ட பேசட்டுமா?" என்றான் அதே பவ்யத்தோடு.

"யாரும்மா?" என்று அப்பா குழியிலிருந்து கேட்டார்.

"ராங் நம்பர்பா" என்று வைத்துவிட்டேன். தறியைப் பிடித்துக்கொண்டு நின்றேன். "பாவு மேல சாயாத, நூலு அறுந்துடும்" என்று அப்பா அதட்டினார்.

அன்றிலிருந்து ஆரம்பித்தது என் நரகம். மணி அடித்தால் குளியலறையிலிருந்து ஈரத்தோடு ஓடி வருவேன். என்னைத் தவிர யாரும் எடுத்துவிடக் கூடாது. பாதி முறை அவன்தான். திட்டமாட்டான், மிரட்டமாட்டான், "யோசிச்சு வைங்கமா" என்பான். வீட்டு விலாசம் அவனிடம் இருக்கிறது. ஆரணிக்கு ஒரு கார்டு போட அவனுக்கு எவ்வளவு நேரமாகும்? வெளியே போய்விட்டு வந்தால் அம்மாவின் முகத்தைத்தான் முதலில் பார்ப்பேன், தெரிந்துவிட்டதா என்று. "காத்து கறுப்பு ஏதாச்சும் பட்டிருக்குமோ, இப்படி மிரளுது" என்று அம்மா பக்கத்து வீட்டுப் பூக்கட்டும் அம்மாவிடம் சொல்லிக்கொண்டிருந்தாள்.

எழுதியதையெல்லாம் அழித்துவிடலாம் என்று மறுபடி பிரவுசிங் சென்டருக்குப் போனேன். தனிமடலை அழிக்க வழி தெரியவில்லை. பொதுப் பக்கத்தைப் பார்த்தால் அங்கே நான் இருந்தேன். 'காஞ்சிபுரத்துப் பொண்ணு' என்று புதிதாக ஒரு பெயர். அப்பா தறி நெய்கிறார், ஆரணியில் வரன், வலது இடுப்பில் புள்ளி, எதிர்ச்சாரிப் பெண், தொடாத காபி. எல்லாம் என் வார்த்தைகள், நான் அழுதுகொண்டே தட்டியது தட்டியபடி. கடைசி வரி மட்டும் என்னுடையது இல்லை: "ஒரே பாட்டில், புள்ளி போன இடம் தெரியல. எனக்கு நிச்சயம் ஆகப் போவுது."

அதன் கீழே எந்த ஊரோ, ஒரு பெண் கேட்டிருந்தாள்: "அக்கா, எனக்கும் இடுப்புலதான். நீங்க காஞ்சிபுரம்தானே, பல்லியைத் தொட்டீங்களா?" அதற்கு நான், அதாவது அந்த நான், பதில் சொல்லியிருந்தேன்: "தொட்டேன்மா. குனிஞ்சு ரெண்டு கையாலயும் தொட்டேன்."

என்னையே அக்காவாக்கிவிட்டார்கள். என் கதையை வைத்து இன்னொருத்தியின் தோலை எரிக்கப் போகிறார்கள். கோபம் வந்திருக்க வேண்டும், ஆனால் வந்தது பயம்தான். மாப்பிள்ளையின் தங்கை ஆரணியில் கம்ப்யூட்டர் படிக்கிறாள். இதை அவள் படித்தால் யாரென்று கண்டுபிடிக்க அரை நிமிஷம் போதும். இருந்தாலும் அந்தப் பெண் கேட்டதற்குக் கீழே எழுதினேன்: "பல்லி கூரையில் இருக்கிறது. குனிந்து தொட முடியாது. இவள் பொய். எண்ணெயைத் தடவாதே." மறுநாள் போய்ப் பார்த்தால் என் வரியைக் காணோம். என் பெயரில் உள்ளே நுழையவே முடியவில்லை. காஞ்சிபுரத்துப் பொண்ணு மட்டும் அப்படியே இருந்தாள்.

அந்த வாரமே ஆரணியிலிருந்து மாப்பிள்ளையின் அம்மா, நிச்சயப் புடவை எடுக்க வந்தார். நல்ல உயரம், அதிகம் பேசாத மனுஷி. அந்தப் பக்கத்தில் நான் படித்ததெல்லாம் தெரிந்துதான் வந்திருக்கிறாரா என்று சோறு போடும்போதெல்லாம் முகத்தைப் பார்த்தேன். ஒன்றும் பிடிபடவில்லை. சாப்பிட்டு முடித்ததும் சொன்னார்: "போன மாசம் தோள்ல பல்லி விழுந்துச்சு. இவ்ளோ தூரம் வந்துட்டேன், தொட்டுட்டுப் போயிடறேன். நீயும் வாம்மா."

அம்மா எனக்குப் பட்டுப்புடவையை எடுத்துக் கொடுத்தாள். மாட்டேன் என்று எதைச் சொல்லி மறுப்பது? கட்டிக்கொண்டு கிளம்பினேன். ஆட்டோவில் சின்ன காஞ்சிபுரம் போகிற வரைக்கும் முந்தானையை இடுப்பில் இழுத்துச் செருகிக்கொண்டே இருந்தேன்.

அன்றைக்குக் கூட்டம் இருந்தது. அவர் முன்னால் படியேறித் தொட்டார். பக்கத்தில் நின்றுகொண்டு, "நீயும் தொடும்மா" என்றார். இடது கையால் தொட்டால் கோயிலில் ஊரே திட்டும். பின்னால் நின்றவர்கள் நகரச் சொல்லி முனகினார்கள். தொடாமல் இறங்கிவிடலாம். ஆனால் இன்றைக்கு இறங்கினால் நாளைக்கு மணி அடிக்கும். நாளை மறுநாளும் அடிக்கும். கல்யாணம் ஆகி ஆரணிக்குப் போனாலும் அங்கேயும் அடிக்கும். அவன் வாயால் இவருக்குத் தெரிவதைவிட இது மேல் என்று தோன்றியது. கண்ணை மூடிக்கொண்டு வலது கையைத் தூக்கினேன். ரவிக்கை ஏறியது. இடுப்பில் காற்று பட்டது. விரல் நுனியில் உலோகம் வழவழவென்று தட்டுப்பட்டது. கண்ணைத் திறந்தபோது அவர் பல்லியைப் பார்க்கவில்லை, என் இடுப்பைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார். முந்தானையை இழுத்து என் இடுப்பை மூடினார். புடவைக் கடைக்குப் போகவில்லை. தலை வலிக்கிறது என்று பஸ் ஏறிப் போய்விட்டார்.

"என்னாச்சு, ஏன் புடவை எடுக்காம போயிட்டாங்க?" என்று அம்மா கேட்டுக்கொண்டே இருந்தாள். தெரியாது என்றேன். ஒரு தகவலும் இல்லை. எல்லாம் முடிந்தது என்று நான் முடிவு கட்டிவிட்ட நாளில் மணி அடித்தது. அவனாகத்தான் இருக்கும், எப்படியாவது போகிறேன் என்று எடுத்தேன்.

"நாந்தாம்மா, ஆரணிலேர்ந்து."

ரிசீவரைக் காதோடு அழுத்திக்கொண்டேன்.

"அன்னிக்கு உன் இடுப்புல பார்த்தேன். அந்த வெள்ளை எனக்குத் தெரியும்மா, எங்க பெரியப்பா பொண்ணுக்கும் இருக்குது, மூணு பசங்க பெத்து நல்லாத்தான் இருக்கா. பையன்கிட்டயும் சொல்லிட்டேன், வேலூருல டாக்டர்கிட்ட கூட்டிக்கினு போறேன்றான். அது கிடக்கட்டும். அதைச் சுத்தித் தோலு வெந்து போயிருக்குதே, அது என்னா? நாலு நாளா எனக்குத் தூக்கமில்ல."

"எண்ணெய்ங்க."

"யாரு குடுத்தது?"

"ஒரு அக்கா" என்றேன். என் வாயில் அப்போதும் அப்படித்தான் வந்தது.

"எந்த அக்கா? எங்க இருக்கா அவ? நான் வந்து கேக்கறேன்."

"அப்படி ஒரு அக்காவே இல்லீங்க அத்தை" என்றேன். வாய் விட்டு அழுதேன். தறிச் சத்தம் நின்றது. அப்பா குழியிலிருந்து எழுந்து வந்துகொண்டிருந்தார்.