குளக்கட்டுப் பாதை

யதுர்ஷிகா கிளிநொச்சிப் பக்கம் முரசுமோட்டையில் வீட்டிலிருந்தபடியே ஒரு வெளிநாட்டு நிறுவனத்துக்கு வேலை செய்கிறாள். பழைய போர்களைக் கணினி விளையாட்டுகளாக்கும் நிறுவனம். வரைபடத்தைச் சிறு கட்டங்களாகப் பிரித்து, எதில் சேறு, எதில் காடு, எந்தப் பாலம் எவ்வளவு பாரம் தாங்கும் என்று பதிவது அவள் பொறுப்பு. மூன்று வருடத்தில், போயே இராத ஐரோப்பிய ஆறுகள் எல்லாம் அவளுக்குப் பழகிவிட்டன.

போன வருடம் வந்த புதிய திட்டத்தின் தலைப்பை இரண்டு தரம் வாசித்தாள். வன்னி, 2009.

திட்டத் தலைவர் மார்ட்டின் இரண்டு குறிக்கோள்கள் எழுதியிருந்தார். நிலம் அன்றைக்கு இருந்தபடியே இருக்க வேண்டும். விளையாடுபவர் தளபதியின் இடத்தில் இருந்து, நடந்ததை வேறு மாதிரி நடத்திப் பார்க்க முடிய வேண்டும். இரண்டாவது வரிதான் அவளை இழுத்தது. வேறு மாதிரி நடந்திருந்தால் அப்பா இருந்திருப்பார்.

விசுவமடுப் பக்கத்துப் பாதைகளில் சந்தேகம் வந்தபோது தாய் பத்மாசனியைக் கேட்டாள்.

"அம்மா, றோட்டில செல் விழுந்து வெடிக்கேக்க நாங்கள் எதால போனனாங்கள்?"

பத்மாசனி திரையில் விரலை வைத்தார். "இதில இறங்கி குளக்கட்டால போனனாங்கள். உழவு மெசின் போற அகலம். கட்டு முடியிற இடத்திலதான் கொப்பாவை விட்டிட்டு வந்தனாங்கள்."

செய்மதிப் படம் எதிலும் அந்தப் பாதை இல்லை. சனம் தப்பிப் போக ஒரு வழி இருக்கட்டும் என்று யதுர்ஷிகா அதைப் பதிந்தாள்.

சோதனை ஆட்டத்தில்தான் தெரிந்தது, அதில் சனமே இல்லை. இடம்பெயர்ந்த அத்தனை பேரும் ஒரே ஒரு எண்: றோட்டில் வாகன வேகம் நாற்பது வீதம் குறையும். குளக்கட்டில் அந்தத் தடை கிடையாது. விளையாடியவர் யுத்த டாங்கிகளை அந்த வழியால் விட்டு, நான்காவது நகர்விலேயே விசுவமடுவைச் சுற்றி வளைத்தார்.

அவள் மார்ட்டினோடு பேசினாள். "சனத்தையும் சேர்க்கலாமா?"

"யோசித்தோம். மக்களைக் காப்பாற்றியதற்குப் புள்ளி கொடுத்தால் உயிருக்கு விலை போட்டதாகிவிடும். கொடுக்காவிட்டால் எவரும் கவனிக்க மாட்டார்கள்."

"அப்படியென்றால் குளக்கட்டுப் பாதையை எடுத்துவிடுங்கள்."

"அது உண்மையில் இருந்ததுதானே?"

"இருந்தது," என்றாள்.

"பிறகு எப்படி எடுப்பது?" அவர் குரல் தணிவாகத்தான் இருந்தது.

மூன்று நாள் அவளே ஒரு விதி எழுதிப் பார்த்தாள். கட்டத்துக்குக் கட்டம் சனத்தொகை போட்டாள். விளையாடிப் பார்த்தபோது, ஆறாயிரம் பேர் இருந்த கட்டத்தைக் காப்பாற்ற நாலாயிரம் பேர் இருந்த கட்டத்தைக் கைவிட்டது அவள் கைதான். விதி முழுவதையும் அழித்தாள்.

"நான் சொன்ன பாதை பிரயோசனப்பட்டதோ?" என்று பத்மாசனி ஒருநாள் கேட்டார்.

"ஓம் அம்மா," என்றுவிட்டுத் தேநீர் வைக்கக் குசினிக்குள் போய்விட்டாள்.

விளையாட்டு மாசியில் வெளியானது. நிலத்தின் நுணுக்கத்தை நிறையப் பேர் மெச்சியிருந்தார்கள். கிளிநொச்சியில் வேறு வேலை தேடினாள், அமையவில்லை. இப்போது ஏதோவொரு பாலைவனப் போருக்கு நிலம் பதிகிறாள். அங்கே கிணற்றடியில் ஒரு சின்னக் கிராமம் இருக்கிறது. அதில் எத்தனை பேர் இருந்தார்கள் என்று கேட்டு மார்ட்டினுக்கு எழுதியிருக்கிறாள். இன்னும் பதில் வரவில்லை.